நான் துண்டித்த அழைப்பு

போன சனிக்கிழமை நம்முடைய வானொலியில் புது அறிவிப்பாளர்கள் நீங்கள் நடத்திய நேயர் நிகழ்ச்சியைக் காரில் இருந்தபடி கேட்டேன். துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கினால் குற்றம் குறையுமா என்பது தலைப்பு. ஒருவர் வந்து சில எண்களை அள்ளி வீசினார். அடுத்தவர் வந்து அதற்கு நேர்மாறான எண்களை வீசினார். இருவருக்கும் நீங்கள் "நன்றி, நல்ல தகவல்" என்றீர்கள். எது நல்ல தகவல்? எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் எண்ணியது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், இருவருமே வட்ஸ்அப்பில் வந்ததைத்தான் வாசிக்கிறார்கள் என்பது வெளியே வந்திருக்கும். கடையில் கத்தரிக்காய் வாங்கும்போது அமுக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள். எண்ணை மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு பையில் போடுகிறீர்கள்?

கோபிக்காதீர்கள். "அனுபவங்களைச் சொல்லுங்கோ அக்கா" என்று நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருவது, பாட்டு முடியும்போது எப்போது வாயைத் திறப்பது என்பதெல்லாம் ஒரு கிழமையில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதைச் சொல்ல நான் வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் கேட்க ஆளில்லாதபோது, எப்படி முடிவெடுப்பது என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன். அதையும் ஒரு கதையாகத்தான் சொல்வேன். எனக்கு உபதேசம் வராது. அதிகம் பேசவிட்டால் கோபம்தான் வரும்.

நான் திருகோணமலையிலிருந்து மொன்றியலுக்கு வந்து, முதலில் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கினேன். வார இறுதியில் வானொலி. பிறகு வானொலியே முழுநேர வேலையாகிவிட்டது. அந்தக் காலத்தில் நிலையம் ஒரு தெப்பனேர், அதாவது மூலைப் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே கடைக்காரர் குளிர்ப்பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் செய்தியோடு சேர்ந்து ஒலிபரப்பாகும். நேயர்கள் அதற்கும் பழகிவிட்டார்கள்.

ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நம்முடைய நிலையத்தில் சனம் உண்மையாகக் காது கொடுத்துக் கேட்பது பாட்டையும் அல்ல, செய்தியையும் அல்ல. மரண அறிவித்தலைத்தான். அது தொடங்கினால் பாத்திரம் கழுவுகிறவர்கள் தண்ணீரை நிறுத்துவார்கள். இறந்தவர் எந்த ஊர், எங்கே வசித்தார், யாருடைய மகன், யாருக்குச் சகோதரன், அந்தச் சகோதரர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள், உடல் எந்த மலர்ச்சாலையில் எப்போது பார்வைக்கு வைக்கப்படும், தொடர்புகொள்ள யார், என்ன இலக்கம் என்று ஒன்றுவிடாமல் வாசிக்க வேண்டும். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டதற்காக இரண்டு குடும்பங்கள் கலியாணவீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்ததை நான் கண்டிருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு அது வெறும் அறிவித்தல் இல்லை. செத்தவருக்குச் செய்யும் கடைசி மரியாதை.

சில வருடங்களுக்கு முன், இலை கொட்டும் காலத்தில், இந்த நகரத்தின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் நிமலன் என்ற இளைஞனைச் சுட்டுக் கொன்றார்கள். அவன் தங்கை அபிரா ஒரு மருந்தகத்தில் வேலை செய்தாள். வேலை முடிந்த தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து, அடுக்குமாடி வீட்டுக்குப் பின்னால் காரை நிறுத்தி, இருவரும் சாமான் பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கார் வந்து நின்றது. ஒருவன் இறங்கிச் சுட்டுவிட்டு ஏறிப்போனான். வேறு யாரையோ தேடி வந்தவர்கள் ஆள் மாறிச் சுட்டார்கள் என்பது பின்னால் நீதிமன்றத்தில் தெளிவானது. அன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியாது.

பிள்ளையின் உடல் இன்னும் வீட்டாரிடம் வந்து சேரவில்லை, அதற்குள் நாடு முழுக்க விவாதம் தொடங்கிவிட்டது. கைத்துப்பாக்கியை அடியோடு ஒழியுங்கள் என்றது ஒரு பக்கம். இத்தனை சட்டம் போட்டும் நடந்துவிட்டதே, சட்டத்தால் என்ன பயன் என்றது மறுபக்கம். இரண்டு பக்கமும் அவனுடைய படத்தைத் தூக்கிப் பிடித்தன. நம்முடைய நிலையப் பொறுப்பாளரும் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை மத்தியான நேயர் நிகழ்ச்சிக்கு அதையே தலைப்பாகப் போட்டார். நடத்த வேண்டியது நான். நிகழ்ச்சிக்குச் சற்று முன்னதாக நிமலனின் மரண அறிவித்தலை வாசிக்க வேண்டியதும் நான்.

அறிவித்தலைக் கொண்டுவந்தவர் நிமலனின் தாய்மாமன் குகதாசன். ஊரில் நாலுபேர் மதிக்கிற மனிதர். கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் சேர்ட்டை மடிப்புக் குலையாமல் போட்டிருந்தார். தாய் பக்கம் யாழ்ப்பாணம், தகப்பன் பக்கம் மட்டக்களப்பு. இரண்டு பக்கத்துச் சொந்தங்களையும் ஒருவரையும் விடாமல் தன் கையால் எழுதியிருந்தார். நான் நின்றபடியே வாசித்துப் பார்த்தேன். மொன்றியலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட நிமலன், தவராசா தம்பதிகளின் அன்பு மகன், அபிராவின் ஆருயிர்ச் சகோதரன். தொடர்புகளுக்கும் அபிராதான். அவளுடைய கைத்தொலைபேசி இலக்கம் எழுதப்பட்டிருந்தது.

"தங்கச்சியின்ரை நம்பரே போட்டிருக்கிறியள், அண்ணை?" என்று கேட்டேன்.

"அவள்தானே பிரெஞ்சிலை எல்லாம் கதைச்சு அலுவல் பாக்கிறாள். தாய் படுத்த படுக்கை. தவராசாவுக்கு ஒரு சொல்லும் வாயிலை வருகுதில்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவள் கெட்டிக்காரி, பிள்ளை. பக்கத்திலைதான் நிண்டவள். சுட்டவன்ரை முகத்தை வடிவாக் கண்டவள். பொலிசுக்கும் எல்லாம் சொல்லிப்போட்டாள்" என்றார்.

"ஆளைப் பிடிச்சாச்சோ?"

"எங்கை பிடிச்சாங்கள். தேடுறாங்களாம்."

"அப்ப அண்ணை, இந்தப் பேரையும் நம்பரையும் நான் எப்பிடி வாசிக்கிறது? சுட்டவன் வெளியிலை திரியிறான். கண்டவள் ஆர், எந்த மலர்ச்சாலையிலை எத்தினை மணிக்கு நிப்பாள் எண்டு நாங்களே சொல்லிக் குடுக்கிறதோ?"

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "இது எங்கட சனத்துக்குள்ளை வாசிக்கிறதெல்லோ. அவங்கள் ஆர் தமிழ் றேடியோ கேக்கப்போறாங்கள்?"

இந்த ஒரு வாக்கியத்தை எழுதி உங்கள் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வையுங்கள். படித்த, அனுபவப்பட்ட, போரைக் கண்டு வந்த மனிதர் சொன்னது. பத்திரிகைக்காரன் கதவைத் தட்டியபோது வாயைத் திறக்காத குடும்பம் அது. ஆனால் தமிழில் சொன்னால் அது வீட்டுக்குள் சொன்ன மாதிரி என்று நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். இந்த நகரத்தில் நம்முடைய ஒலிபரப்பு உணவகத்தின் சமையலறையில் ஓடுகிறது, கராஜில் ஓடுகிறது, டாக்சியில் ஓடுகிறது. அறிவித்தல் அன்றைக்கே இணையத்திலும் ஏறிவிடுகிறது. பிற்பாடு நீதிமன்றத்தில் தெரிந்தது, அந்தக் காரை ஓட்டி வந்தவன் ஒரு தமிழ்ப் பிள்ளை. அவன் வீட்டில் விடிந்தது தொடக்கம் நம்முடைய வானொலிதான் ஓடுமாம்.

அவளுடைய பெயரை மட்டும் விட்டுவிடலாமா என்று முதலில் யோசித்தேன். யோசித்த உடனேயே அது கூடாது என்று விளங்கியது. நிமலனுக்கு ஒரு தங்கை இருப்பது ஊருக்கே தெரியும். எல்லாப் பெயரையும் வாசித்து அவள் பெயரை மட்டும் விட்டால், 'தங்கச்சிக்கு என்ன நடந்தது' என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே விடுவதானால் எல்லோரையும் விட வேண்டும். தாய் தகப்பனையும்கூட.

அதைச் சொன்னதும் குகதாசன் வெடித்தார். "அநாதைப் பிணத்துக்கு வாசிக்கிற மாதிரி வாசிக்கப்போறீரோ? இப்பவே சனம் குசுகுசுக்குது, பொடியன் ஏதோ அடிபிடிக் குழுவிலை இருந்திருக்கிறான் எண்டு. பேரை ஒளிச்சால் அது உண்மையெண்டு சனம் முடிவுகட்டிப்போடும். அவன்ரை மானத்தை ஆர் திருப்பித் தாறது? நீரோ?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என் கஷ்டம். மடத்தனமாக ஒருவர் வற்புறுத்தினால் மறுப்பது சுலபம். நியாயமான ஒருவரை மறுக்கத்தான் நெஞ்சுரம் வேண்டும். ஒரு பக்கம் செத்தவனின் மானம், மறுபக்கம் இருப்பவளின் உயிர். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, மாடிப்படிக்கு வந்து, அந்தத் தாளில் இருந்த இலக்கத்துக்கே அழைத்தேன்.

அபிரா உடனே எடுத்தாள். மலர்ச்சாலையில் நிற்பதாகச் சொன்னாள்.

"மாமா வந்தவரோ அக்கா? எல்லாரின்ர பேரும் சரியா இருக்கோ?"

"இருக்கு பிள்ளை. உம்மட பேரும் இருக்கு, நம்பரும் இருக்கு. அதுதான் உம்மட்டைக் கேக்கிறன். வாசிக்கட்டோ?"

யாரோ அவளிடம் பிரெஞ்சில் எதையோ கேட்க, "ஒரு நிமிசம்" என்று தமிழிலேயே சொன்னாள்.

"வாசிக்காதேங்கோ அக்கா."

"பயமா இருக்கோ?"

"பயம்தான். ஆனால் அதுக்காக மட்டும் இல்லை. நான் கோட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்லோணும். முகத்தைக் கண்டது நான் ஒருத்திதான். நான் இல்லாட்டி அவன் சும்மா வீட்டை போயிடுவான்." மூச்சு வாங்கிவிட்டு, "அப்பாவுக்கு நான்தான் வேண்டாம் எண்டு சொன்னனான் எண்டு சொல்லாதேங்கோ. நான் பயப்பிடுறன் எண்டு தெரிஞ்சால், செத்தவீடு முடிஞ்ச கையோட லண்டனுக்குச் சித்தியிட்டை அனுப்பிப்போடுவார். பேந்து நான் வரேலாது. ப்ரோமிஸ் பண்ணுங்கோ."

ப்ரோமிஸ் பண்ணினேன். எனக்கு அழுகை வந்தது. அழ நேரம் இருக்கவில்லை. உள்ளே வந்து குகதாசனிடம் ஒரே வார்த்தையில், வாசிக்க மாட்டேன் என்றேன். அவர் தாளை மேசையில் போட்டுவிட்டு, என்னோடு பேசாமல், பொறுப்பாளருக்கு அழைத்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொறுப்பாளர் ஓடி வந்தார். நல்ல மனிதர், ஆனால் காற்றடிக்கிற பக்கம் சாய்கிறவர். "நீர் ஏன் வில்லங்கத்தை விலைக்கு வாங்குறீர்? தந்ததை வாசிச்சுப்போட்டு விடும். நீர் வாசிக்காட்டி நான் வேறை ஆளைக்கொண்டு வாசிப்பிக்கிறன்."

"வாசிப்பியுங்கோ. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தால், வாசிச்சவரின்ரை குரல் பதிவிலை இருக்கும். வாசிக்கச் சொன்னது நீங்கள் எண்டு நான் சொல்லுவன்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப பழியை நீரே எடும்."

"எடுக்கிறன்."

வாசித்தேன். நிமலன் அகால மரணமானார் என்றேன். அவருடைய உறவினர் பெயர்களும் இறுதிக்கிரியை விபரங்களும் இந்த அறிவித்தலில் சேர்க்கப்படவில்லை, அது குடும்பத்தாரின் விருப்பம் அல்ல, என்னுடைய முடிவு, கோபிப்பவர்கள் என்னைக் கோபியுங்கள் என்றேன். காரணம் சொல்லவில்லை. காரணத்தைச் சொன்னால் பெயரை வாசித்ததைவிட மோசம். 'சாட்சி ஒருத்தி இருக்கிறாள்' என்று நானே கூவி அறிவித்ததாகிவிடும். வானொலியில் இருக்கிறவர்களுக்கு இது வராத குணம், கவனியுங்கள். நம் பக்கத்து நியாயத்தை உடனே சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். சில நேரம் நியாயத்தை வைத்துக்கொண்டே திட்டு வாங்க வேண்டும்.

பாட்டு ஒன்று போட்டேன். அதற்குப் பிறகு விவாதம்.

முதலில் வந்தவர் கார்ட்டியர்வில் ராஜி. பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவர், பேச்சில் சுணை இருக்கும். "துவக்கு குறைஞ்சால் சாவு குறையும். இதுக்கு என்ன ஆராய்ச்சி வேணும்? ஊரிலை எல்லாரின்ரை கையிலையும் துவக்கு இருந்ததை நாங்கள் காணேல்லையோ? வீட்டுக்குள்ளை இருக்கிற துவக்கை முதல்லை காட்டுறது ஆருக்குத் தெரியுமோ? பெண்சாதிக்கு" என்றார்.

அடுத்தது டொலார்ட் செல்வம். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிறவர். தன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர்களோடு ஒவ்வொரு வருடமும் வடக்கே காட்டுக்குப் போய் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடுகிற ஒரே தமிழர் என்று பெருமை. "அக்கா, நான் வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, பொலிஸ் விசாரிச்சு, மனுசியின்ரை கையெழுத்தும் வாங்கித்தான் ரைபிள் வைச்சிருக்கிறன். கலியாணம் கட்டக்கூட என்னை இவ்வளவு விசாரிக்கேல்லை. அந்தப் பிள்ளையைச் சுட்டவனிட்டை லைசென்ஸ் இருந்ததோ? என்னை இறுக்கி என்ன பிரயோசனம்? அவன்ரை துவக்கு எல்லை கடந்து கள்ளமா வந்திருக்கும்."

இருவரையும் நான் மறித்துக் கேட்டேன். "நீங்கள் ரெண்டு பேரும் ஒரே சாவைப் பற்றித்தான் கதைக்கிறியளோ?" என்றேன். ராஜி பேசியது வீட்டுக்குள் நடக்கும் மிரட்டலை. செல்வம் பேசியது தெருவில் நடக்கும் சூட்டை. தன் உயிரைத் தானே எடுப்பவர்களைப் பற்றி இருவரும் பேசவில்லை, அதுவும் துப்பாக்கியால்தான் நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி 'வன்முறை கூடியது, குறைந்தது' என்று சொல்லி, அதை அந்த வருடம் வந்த சட்டத்தின் தலையில் போடுவதால்தான் இந்த விவாதம் எங்கும் நகர்வதில்லை. ஒரு சட்டம் ஒரு சாவைத் தடுக்கும், இன்னொன்றைத் தொடக்கூட மாட்டாது. விவாதம் நடத்தும்போது 'எந்தச் சாவு' என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். அன்றைக்கும் இருவரும் கொஞ்சம் அடங்கி, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கத் தொடங்கினார்கள். நிகழ்ச்சி நல்ல பாதையில் போகிறது என்று நினைத்தேன்.

அப்போது பெயர் சொல்லாத ஒருவர் வந்தார். "சட்டத்தை விடுங்கோ. நல்ல பொடியன் எண்டால் ஏன் தாய் தேப்பன்ரை பேரைக்கூட ஒளிச்சு வாசிச்சனீங்கள்? நெருப்பில்லாட்டி ஏன் ஒளிப்பான்?"

"ஒளிச்சது நான். அவையள் இல்லை" என்றேன்.

"உங்களுக்கு என்ன வந்தது ஒளிக்க?"

"அது என்ரை முடிவு. அடுத்த அழைப்பு."

அடுத்த அழைப்பில் ஒரு இருமல் கேட்டது. பிறகு, "தங்கச்சி, நான் தவராசா. நிமலன்ட அப்பா."

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பொறுப்பாளர் கண்ணாடியோரம் வந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அண்ணன், உங்கள் துக்கத்தில் நாங்களும் பங்கெடுக்கிறோம் என்றேன்.

"நான் உங்களோட சண்டை பிடிக்க எடுக்கல்ல. இந்தச் சட்டத்தப் பத்தி ஒரு கேள்வி கேக்கத்தான் லைன்ல நிண்டன். ஆனா இப்ப ஒராள் கதைச்சதக் கேட்டன்." குரல் உடைந்தது. பிறகு நிமிர்ந்தது. "என்ட புள்ள ஒரு குழுவிலயும் இல்ல. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இதக் கண்ணால கண்ட ஆள் எங்கட—"

துண்டித்தேன்.

மகனைப் பறிகொடுத்து இன்னும் எரிக்காத ஒரு தகப்பனின் பேச்சை, அவன் மானத்துக்காக அவர் பேசிக்கொண்டிருந்த பேச்சை, ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது வெட்டினேன். நம்மிடம் தாமதித்து ஒலிபரப்பும் கருவி இருக்கவில்லை. அடுத்த சொல் வந்தபின் யோசிக்க முடியாது. 'தொடர்பு அறுந்துவிட்டது நேயர்களே' என்று சொல்லித் தப்பியிருக்கலாம், எல்லோரும் நம்பியிருப்பார்கள். அதை நான் செய்யவில்லை. "இந்த அழைப்பை நான்தான் துண்டித்தேன். அண்ணனிடம் நானே பேசிக்கொள்வேன்" என்று சொன்னேன். பொய் சொல்லித் தப்பினால் அவர் திரும்பவும் எடுத்திருப்பார், விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருப்பார். நான் வேண்டுமென்று வெட்டினேன் என்று தெரிந்ததால், மனம் வெறுத்து, எடுக்காமல் விட்டார்.

அதற்குப் பிறகு வந்த அழைப்புகளை நான் சொல்லத் தேவையில்லை. கல்நெஞ்சக்காரி என்றது மரியாதையான பகுதி. நிகழ்ச்சி முடிந்ததும் தவராசா அண்ணனின் இலக்கத்துக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. செத்தவீட்டுக்குப் போனேன். வாசலில் குகதாசன் நின்று, "உள்ளுக்கு வரவேண்டாம்" என்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். நேயர் நிகழ்ச்சியை என்னிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் காலநிலையும் போக்குவரத்தும் வாசித்தேன். எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்று என்னைவிட அக்கறையாக அந்த வருடம் யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

வாக்கு கொடுத்திருந்ததால் யாரிடமும் வாய் திறக்கவில்லை. டோர்வலில் விமான உணவுப் பகுதியில்தான் தவராசா அண்ணனுக்கும் வேலை. பழைய சிநேகிதிகளைப் பார்க்க அங்கே போனால் சில நேரம் எதிர்ப்படுவார். சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்து போவார். எனக்கு வலித்தது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அபிரா இன்னும் இதே நகரத்தில்தான் பஸ் ஏறி வேலைக்குப் போகிறாள் என்பதை நினைத்துக்கொள்வேன். போதும் என்றிருக்கும்.

சுட்டவனைப் பிடித்தார்கள். வழக்கு வந்தது. அபிரா சாட்சிக்கூண்டில் ஏறிய அன்று நான் பின்வரிசை வாங்கில் போய் உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவளைக் குடைந்து எடுத்தார். வெளிச்சம் போதாது, பயத்தில் இருந்தாய், தூரத்தில் நின்றாய் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சில் நிதானமாகப் பதில் சொன்னாள். கேட்டவரைப் பார்க்காமல், சுட்டவனைப் பார்த்தே சொன்னாள். ஒரு தடவையும் அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது.

இடைவேளையில் வெளியே நீண்ட நடைக்கூடத்தில் தவராசா அண்ணனும் குகதாசனும் ஒரு வாங்கில் இருந்தார்கள். நான் தூரத்திலேயே நின்றேன். முந்தின நாள் இரவு அபிரா தகப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தவராசா அண்ணன் என்னைப் பார்த்தார். வாங்கில் கிடந்த தன் குளிர்க் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். குகதாசன் எழுந்து போய் மூவருக்கும் கோப்பி வாங்கி வந்தார்.

தீர்ப்பு வந்து கொஞ்ச நாளில் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் இன்னொரு துப்பாக்கிச் சட்டம் பற்றிய பேச்சு எழுந்தது. அதற்குள் நிகழ்ச்சி என்னிடம் திரும்பி வந்திருந்தது. ராஜி வந்தார், செல்வம் வந்தார், பழைய சண்டையைப் புது உற்சாகத்தோடு தொடங்கினார்கள். அப்போது அந்த இருமல் கேட்டது.

"தங்கச்சி, அண்டைக்குக் கேக்க வந்த கேள்விய இண்டைக்குக் கேக்கலாமா?"

"கேளுங்கோ அண்ணன்."

"சுட்டவன் உள்ளுக்குப் போயிட்டான். என்ட மகன் ஒரு குழுவிலயும் இல்லயெண்டு கோட்டுலயே சொல்லிட்டாங்க. சரி. வழக்கு நடந்த எல்லா நாளும் நான் போய் இருந்தன். அந்தத் துவக்க மேசையில வச்சிருந்தாங்க. சின்னதுதான், என்ட உள்ளங்கையளவு. அதில இருந்த நம்பர அராவி எடுத்திருந்தாங்க. ஆர் அராவின? ஆர் வித்த? எந்த றோட்டால இந்த ஊருக்கு வந்த? ஒராளும் கேக்கல்ல. கேக்கத் தேவையில்லயாம், சுட்டது ஆரெண்டு தெரிஞ்சாப் போதுமாம். ராஜி தங்கச்சி, செல்வம் தம்பி, நீங்க ரெண்டு பேரும் சண்டை பிடிங்க, நான் வேணாமெண்டு சொல்லல்ல. அதுக்கு முதல் எனக்கு ஒண்டச் சொல்லுங்க. என்ட புள்ளயச் சுட்ட துவக்கு எங்கயிருந்து வந்த?"

செல்வமும் ராஜியும் இன்னும் இணைப்பில் இருந்தார்கள். செல்வம்தான் முதலில், "அண்ணை, எனக்கும் அதுதான் தெரியவேணும்" என்றார். "எனக்கும்தான்" என்றார் ராஜி. அந்த நிகழ்ச்சியில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.

"பதில் தெரியாட்டி பரவாயில்ல. நான் அடுத்த கிழமையும் கேப்பன். எம்பி ஆபீசுல கேப்பன், பொலிசுல கேப்பன், இஞ்சயும் வந்து கேப்பன். வித்தவன் ஆரெண்டு ஒராள் சொல்லுமட்டும் கேப்பன்."

செய்தி நேரம் ஆகிவிட்டது என்று பொறுப்பாளர் கண்ணாடிக்குப் பின்னால் கையைக் காட்டினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் பேசி முடித்து, அவராகத் தொலைபேசியை வைக்கும் வரை இருந்தேன்.

சொன்னபடியே செய்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுக்கிறார். போன கிழமையும் எடுத்தாராம். எண்களோடு வந்தவர்களுக்கு நேரம் போய்விட்டது என்று நீங்கள் அவருடைய அழைப்பை எடுக்கவில்லையாம். அதற்காகத்தான் நான் இன்றைக்கு இந்த மாடி ஏறி வந்தேன். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வருகிற சனிக்கிழமை உங்களில் யார் மைக்கில் இருந்தாலும், முதல் அழைப்பு அவருடையதாக இருக்கட்டும்.